பைக்கு ஓர் உறை

காசு கேட்கிற கடிதம் அல்ல இது, கேட்கலாமா என்று கேட்கிற கடிதம். இரண்டு பக்கத்தைத் தாண்டக்கூடாது, ஒரே ஒரு படம் சேர்க்கலாம், வாசித்துப் பார்த்து அந்த வெளிநாட்டு நிதியத்துக்காரருக்குப் பிடித்துக்கொண்டால் ‘விண்ணப்பிக்க உங்களை அழைக்கிறோம்’ என்று பதில் போடுவார்களாம், அதற்குப் பிறகுதான் உண்மையான விண்ணப்பம், பிறகு அவர்களுடைய குழு, குழுவுக்கு மேலே இன்னொரு குழு. பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனை முடிய வரிசையில் நிற்கவைத்து கையை நீட்டு, திருப்பு, நகம் வெட்டியிருக்கிறாயா பார்ப்பம் என்பார்களே, அதுதான் இது, நாற்பத்தெட்டு வயதில். கடைசி நாள் இன்றைக்கு. அவர்களுடைய ஊரில் மத்தியானமாவதற்குள், இங்கே பின்னேரத் தேத்தண்ணிக்கு முன்னால், போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். இப்போதுதான் திருப்பு முடிந்தது. வாசல் வேம்பில் தொங்குகிற தண்டவாளத் துண்டில் வார்டைப் பார்க்கிற சறோ இரும்புக் கம்பியால் தட்டினாள், வேலைக்காரப் பெண்கள் நாலு பேரும் வார்டுக்குள் போனார்கள், இடப்பக்கம் கிடந்தவர்களை வலப்பக்கம், வலப்பக்கம் கிடந்தவர்களை நிமிர்த்தி. இடுப்புக்குக் கீழே, சிலருக்கு நெஞ்சுக்குக் கீழே, உடம்பு ஒன்று இருப்பதே தெரியாத ஆட்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திருப்பாவிட்டால் தோல் அழுகத் தொடங்கும், அது அவர்களுக்குத் தெரியாது, பக்கத்துக் கட்டிலில் கிடப்பவருக்குத்தான் முதலில் மணக்கும். அடுத்த திருப்புக்கு முன்னால் கடிதம் போகவேண்டும். போய், அவர்கள் அழைத்து, பிறகு தந்தால், மாரிக்குப் பிறகும் இங்கே மூத்திரம் இறக்குகிற கதீற்றரும் அது சேருகிற யூரின் பாக்கும் இருக்கும். இல்லாவிட்டால் இருக்கிறதையே அவித்து அவித்துப் போடவேண்டியதுதான், இப்போது போடுவது போல, இதை விடவும் மோசமாக. தேத்தண்ணியில் ஆடை படிந்துவிட்டது. ஒரு இலையான் அதன் கரையில் நின்று கையைத் தேய்க்கிறது, யாரிடமோ ஏதோ கேட்கப்போவது போல.

‘நாங்கள்’ என்று தொடங்குகிறேன். நாங்கள், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுடன் பணியாற்றும் ஒரு சமூக அமைப்பு. அழிக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதுகிறேன், தமிழில் குமட்டுகிறது, இரண்டு மொழியில் படித்ததன் பலன் இவ்வளவுதான், ஒரு வாய் பேசுகிறபோது மற்ற வாய் துப்பும். பயனாளிகள் என்று எழுதுகிறேன், வார்டில் கிடக்கிற கேதீஸின் முகம் வருகிறது, அவனுக்கு இதுவரை என்ன பயன் கிடைத்திருக்கிறது என்று தெரியவில்லை. வலுவூட்டல். மீண்டெழும் ஆற்றல். ஐயோ, மீண்டு எழ முடிந்தால் அவர்கள் எழும்பி வீட்டுக்குப் போய்விடுவார்களே. ரொறன்ரோவில் அகதி விசாரணை அறைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்த காலத்தில் ஒரு விதி இருந்தது, அகதி நான் என்றால் நீயும் நான் என்றே சொல்லவேண்டும், ‘இவர் சொல்கிறார்’ என்று ஒதுங்கி நிற்கக்கூடாது. என்னை அடித்தார்கள் என்று என் வாய் சொல்லும், என் மனைவியைத் தெரியவில்லை என்று என் வாய் சொல்லும், பிறகு கீழே இறங்கிப் போய் அதே வாயால் கோப்பி குடிக்கும். ஒரு மனிதர், புங்குடுதீவுப் பக்கத்துக்காரர், எந்தக் கேள்விக்கும் கடைசியில் சைக்கிளுக்கு வந்து சேர்வார். பிடித்துக்கொண்டு போன அன்றைக்கு வாங்கிவைத்த சைக்கிளை அவர்கள் திருப்பித் தரவில்லை. அவருடைய வழக்கறிஞர் சைக்கிளை விடுங்கோ என்று முதலே சொல்லியிருந்தார், சைக்கிள் கதையைச் சின்னதாக்கிவிடும், அடியையும் இருட்டறையையும் மட்டும் சொல்லுங்கோ என்று. அந்த மனிதர் தலையாட்டிவிட்டு உள்ளே வந்து, ‘சைக்கிளைத் தரேல்லை ஐயா’ என்றார். நானும் சைக்கிளைத் தரவில்லை என்றேன், என் சைக்கிளை. இன்றைக்கு அவரையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்திலும் விடச்சொல்கிற ஒரு சைக்கிள் இருக்கிறது. அது மூத்திரப் பை. ‘நாங்கள்’ என்று திரும்பவும் எழுதுகிறேன். எழும்பி நடந்து போய்க் கதவைச் சாத்தி மூத்திரம் பெய்யக்கூடிய நான் நாங்கள் என்று எழுதுகிறேன். சீ.

வயிற்றில் பாயாசம் நிற்கிறது. இன்றைக்கு யாரோ ஒரு அப்பாவின் திவசம். பிள்ளைகள் ஸ்காபரோவில், காசு அனுப்பி வடை பாயாசத்தோடு சாப்பாடு கொடுக்கச் சொல்லியிருந்தார்கள், கசுக்கொட்டை கூடப் போடச் சொல்லி, அப்பாவுக்குப் பிடிக்குமாம். சாப்பாட்டுத் தட்டுகளை வரிசையாக வைத்து, பின்னால் அப்பாவின் படத்தை சறோ நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்க, போனில் படம் எடுத்து அனுப்பவேண்டும், படம் போனால்தான் சாப்பாடு கொடுத்ததாகக் கணக்கு. கிழமைக்கு நாலு நாள் இப்படி யாராவது செத்தவர் வந்து எங்களுக்குச் சோறு போடுகிறார். அசையாத உடம்புகளுக்குக் கசுக்கொட்டை, பாதிப் பேருக்குச் சீனி வருத்தம் வந்துவிட்டது. கட்டில் காலில் அமரர் இன்னார் நினைவாக, ஃபானின் நடுவில் அமரர் இன்னார் நினைவாக, கொதித்துக்கொண்டிருக்கிறதே அந்த அலுமினியப் பானை, அதிலும் வெட்டியிருக்கிறது, அமரர் செல்லத்துரை சின்னம்மா நினைவாக என்று, அந்தச் சின்னம்மா எதில் கொதிக்கிறோம் என்று தெரியாமல் குசினிக்குப் பின்னால் விறகடுப்பில் கதீற்றர்களோடு கொதித்துக்கொண்டிருக்கிறாள். ரப்பர் அவிகிற மணம். யன்னலைச் சாத்தினாலும் வருகிறது, பாயாசத்தில் ஏலக்காயோடு கலந்து தொண்டையில் நிற்கிறது. ஒருவராவது அப்பாவின் நினைவாக யூரின் பாக் தரமாட்டார்கள், கேட்டும் பார்த்தேன், போனில் ஒரு மகன், ‘அக்கா, வேற ஏதும் சொல்லுங்கோவன், அம்மா கேட்டால் மனம் நோவா’ என்றான். கேதீஸுக்கு அது பெரிய பகிடி. “அக்கா, நான் வேணுமெண்டால் பையில ஊசியால பேர் தைச்சுத் தாறன். அமரர் கந்தப்பு நினைவாக. நிரம்ப நிரம்பப் பேர் வடிவாத் தெரியும்.” இன்றைக்கு அவன் பாயாசம் குடிக்கவில்லை. வேண்டாமாம். ஏன் என்று கேட்டதற்கு, “கந்தப்பு கோவிப்பாரோ” என்று சிரித்தான். பல் கிட்டியது போலிருந்தது அந்தச் சிரிப்பு. நான் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், படம் அனுப்பவேண்டும் என்ற அவசரத்தில்.

பைகளை இத்தனை வருசமும் தந்தவர்கள் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர்த் தேவாலயத்துக் கிழவிகள். யார் பெயரையும் எதிலும் எழுதச் சொல்லாத கிழவிகள். பெட்டி பெட்டியாக வரும், கதீற்றர், பை, கையுறை, இடையில் ஒரு சொக்கிளேற் கட்டி. ஒவ்வொருவராகச் செத்தார்கள். போன வருசம் மிஞ்சியிருந்த இரண்டு பேர் குழுவைக் கலைத்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள், மன்னிக்கவும், எங்களால் இனிப் பெட்டி தூக்க முடியவில்லை. கடைசிப் பெட்டி களஞ்சிய அறையில் பாதியாகிவிட்டது. மாரி முடியுமட்டும் இழுக்கலாம், அவித்தால், வினாகிரி விட்டுக் கழுவினால், மாற்றவேண்டிய நாளில் மாற்றாமல் விட்டால். அப்படி இழுக்கத் தொடங்கிய பிறகுதான் வார்டில் கிடந்த யோகன் செத்துப்போனான். மத்தியானம் குளிருகிறது என்றான், சித்திரை வெயிலில், போர்த்திவிட்டோம், காய்ச்சல் ஏறி, கிருமி சிறுநீரகத்துக்கு ஏறி, பிறகு இரத்தத்துக்கு. ஆஸ்பத்திரியில் அந்த நேர்ஸ் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அடுப்பில் நெருப்பைக் குறை என்று கத்தவேண்டும் போலிருக்கிறது. பல்லுக் கிட்டியது போல் என்றேனே, அது என்ன. இல்லை, அவனுக்குப் பாயாசம் பிடிக்காது. பிடிக்கும். போன கிழமை இரண்டு கோப்பை குடித்தான்.

தேவை என்ன, ஒரு பந்தியில் எழுதவும். எப்படி எழுதுவது, தேவையை ஒளித்து வைத்ததே நாங்கள்தானே. நிதியத்திலிருந்து அந்தப் பிள்ளை கிளாரா வந்தபோது, வருகிறாள் என்று தெரிந்த அன்றைக்கே மாஸ்ரர், எங்கள் நிர்வாகசபைத் தலைவர் தில்லையம்பலம் மாஸ்ரர், சறோவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், “வெளியில இருந்து ஆக்கள் வருகினம், மணம் கிணம் ஒண்டும் வரப்படாது கண்டியோ.” சறோ விடியவே எழும்பி டெற்றோல் போட்டுக் கழுவி, சாம்பிராணி காட்டி, ஆட்களுக்குச் சாரமும் சேட்டும் மினுக்கிப் போட்டு, அவிக்கிற பானையை விறகு அடுக்குக்குப் பின்னால் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தாள். சாயம் போன படுக்கை விரிப்புகளை எடுத்துவிட்டு, யாரோ திவசத்துக்குத் தந்த புதுசுகளை விரித்தார்கள், மடிப்புக் கோடு அழியாமல். நான் என்ன செய்தேன், நான் பேக்கரிக்குப் போன் பண்ணி றோல்ஸும் கட்லற்றும் சொன்னேன். வீட்டுக்கு ஆள் வந்தால் எங்களுக்கு வேறு ஒன்றும் தெரியாது. செத்த வீடாக இருந்தாலும் வந்தவருக்குச் சோடா உடைத்துக் கொடுப்போம். பிச்சை கேட்கப் போகிற அன்றைக்கு நகை போட்டுக்கொண்டு போகிற சாதி நாங்கள். கிளாரா வார்டுக்குள் ஆறுதலாக நடந்தாள், எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் வணக்கம் சொன்னார்கள், எல்லாருடைய பையும் கேதீஸ் தைத்த உறைக்குள் இருந்தது. பிளவுசுக்கு வெட்டி மிஞ்சின துணிகளில் அவன் தைப்பது, பச்சை வெல்வெட், மாம்பழ மஞ்சள், வாய்க்கு நாடா, கரையில் சின்னதாக ஒரு மாங்காய்ப் பூ. வார்டுக்கு யாராவது சொந்தக்காரர் வந்தால் பை தெரியக்கூடாது என்று அவனாகவே தைக்கத் தொடங்கியது, அவனுடைய அக்காவின் கலியாணப் பேச்சுக்கு மாப்பிள்ளை வீட்டார் அவனைப் பார்க்க வந்த நாளில். கிளாரா குனிந்து ஒரு உறையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். எத்தனை அழகு. இது என்ன, கைப்பையா? கேதீஸ் எனக்குத் தமிழில், “ஓம் எண்டு சொல்லுங்கோ அக்கா, உள்ளுக்கக் காசுதான் இருக்கெண்டு சொல்லுங்கோ” என்றான். நான் உள்ளதைச் சொன்னேன். அவள் கையை எடுத்துவிட்டு, சிவந்து, பிறகு இன்னும் கூட அழகு என்றாள். ஒரு றோல்ஸ் சாப்பிட்டாள். ஒரு கிழமையில் மின்னஞ்சல் வந்தது. அடிப்படைத் தேவைகள் நன்றாகவே நிறைவு செய்யப்பட்டுள்ள இடமாகத் தெரிகிறது. வழமையான பராமரிப்புப் பொருட்கள் எமது நிதியத்தின் வரம்பில் இல்லை. ஆனால் அந்த உறைகள்! ஐரோப்பாவில் இப்படிப் பை பாவிப்பவர்கள் எத்தனையோ பேர், எல்லாருக்கும் அசிங்கமான வெள்ளை உறை. பாதிக்கப்பட்டவர்களே தைக்கும் ஒரு முயற்சியாக இதை வளர்க்க முடியுமா? ஒரு கடிதம் எழுதுங்கள். உறைக்குக் காசு வரும், பைக்கு வராது. நான் அந்த மின்னஞ்சலை வாசித்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன், துப்பவேண்டும் போல, துப்பல் வரவில்லை.

போன் அடிக்கிறது, மாஸ்ரர். “பிள்ளை, அனுப்பிப்போட்டீரோ?” இன்னும் இல்லை மாஸ்ரர். “என்ன பிள்ளை நீர், இங்கிலீசு தெரியாத நாங்களெண்டால் சரி. உமக்கென்ன, ஒரு மூச்சில எழுதிவிடலாமே.” மூச்சில்தான் எழுத முடியவில்லை, மாஸ்ரருக்கு இந்த மூச்சில் வருகிற மணம் அங்கே கேட்காது. “மூத்திரம் எண்ட சொல்லு உதுக்குள்ள வரப்படாது, கண்டீரோ. உறை, தையல், பொம்பிளையளுக்கும் வேலை வாய்ப்பு. இந்தக் காலத்தில அவையள் கேக்கிறது உதுதான்.” பை முடியுது மாஸ்ரர். “பை பிறகு பாப்பம். முதல் கதவைத் திறக்கப் பண்ணும். பிறகு உள்ளுக்குப் போய்க் கேக்கலாம்.” உள்ளுக்குப் போய் யாரிடம் கேட்பது. அவர் நல்ல மனிதர், தன்னுடைய ஓய்வூதியத்தில் இங்கே விறகு வாங்கித் தருகிறவர், அதுதான் இன்னும் அருவருப்பு, எல்லாரும் நல்ல மனிதர்கள், கிளாராவும் நல்ல பிள்ளை, ஸ்காபரோ மகனும் நல்லவன், எல்லா நல்ல கைகளும் பைக்குக் கிட்டவாக வந்து வளைந்து பாயாசத்துக்குப் போய்விடுகின்றன. போனை வைக்கிறேன். அடுத்த தலைப்பு. உங்கள் திட்டத்தில் புதுமை என்ன? ஒன்றுமில்லை, உலகத்தில் ஆகப் பழைய திட்டம், குடித்த தண்ணி வெளியே வருகிறது. அடுத்தது, நிதி முடிந்த பிறகு இத்திட்டம் எவ்வாறு தொடரும்? நிதி முடிந்த பிறகும் மூத்திரம் தொடரும். கிழவிகள் செத்த பிறகும் தொடர்ந்தது. இதை எழுதுகிறேன், ஆங்கிலத்தில், சுத்தமான ஆங்கிலத்தில், திரையில் நல்ல வடிவாக இருக்கிறது, அழிக்கிறேன். எழும்பிக் கழிவறைக்குப் போகிறேன், தேவையில்லை, என்னால் போக முடியும் என்பதற்காகவே போய்க் குந்துகிறேன், வருகிறது, சத்தம் கேட்கிறது, எனக்கு அந்தச் சத்தமே கொழுப்பெடுத்த சத்தமாகக் கேட்கிறது. கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவுகிறேன்.

திரும்பி வர வாசலில் கேதீஸ் வீல்செயாரில். தோளைச் சுற்றித் துவாய் போர்த்தியிருக்கிறான், இந்த வெக்கையில். மடியில் ஒரு புது உறை, மயில்கழுத்து நிறம். “என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள். படம் எடுக்கவேணும் எண்டியளாம், சறோக்கா சொன்னவ. இது புதுசு, ஒருத்தரும் போடாதது.” குளிருதோ? “சும்மா. ஃபான் காத்து.” கிட்டப் போய் நெற்றியில் கை வைக்கிறேன், வைக்க விடவில்லை, தலையைப் பின்னால் இழுக்கிறான். “அக்கா, எனக்கொரு சந்தேகம். அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு நான் செல் குண்டு பட்டு விழுந்தனான் எண்டு சொன்னீங்களோ, இளநி புடுங்க ஏறி விழுந்தனான் எண்டு சொன்னீங்களோ?” ஒண்டும் சொல்லேல்லை. “இளநியெண்டு சொல்லாதேங்கோ. இளநிக்கு ஆர் காசு தருவினம்.” சிரிக்கிறான், சிரிப்பு நடுவில் உதறி நிற்கிறது. எனக்குள் எங்கோ கொதிக்கிற தண்ணி ஒரு குமிழ் விடுகிறது. நீ போய்க் கட்டிலில படு கேதீஸ், சறோவைக் கூப்பிடுறன். “படுக்கிறன். அதுக்கு முன்னம் ஒண்டு. உந்தப் பழைய பையளை வச்சு அளவெடுக்கேலாதக்கா, கழுவிக் கழுவித் தொங்கிப்போச்சுது, உறை தைச்சால் லூசாக் கிடக்குது. வெளிநாட்டுக்கு அனுப்பிறதெண்டால் புதுப் பையில வச்சுத்தான் வெட்டவேணும், சொல்லிப்போட்டன். பிறகு மானம் போகும்.” உறையை மேசையில் வைத்துவிட்டு வண்டியைத் திருப்புகிறான், சக்கரத்தில் பிடித்த விரல்கள் நீலமாகத் தெரிகின்றன. சறோ, சறோ. சறோ வந்து அவனைத் தள்ளிக்கொண்டு போகிறாள், திரும்பிப் பார்த்து, கண்ணால், யோகன் என்கிறாள்.

டொக்டருக்குச் சொல்லியாயிற்று, வெளிநோயாளர் பிரிவு முடிய வருகிறேன் என்றார், அதற்கிடையில் குளிசை, நிறையத் தண்ணி, கதீற்றரை மாற்றுங்கோ. மாற்றுங்கோ. பாதிப் பெட்டியிலிருந்து புதியது ஒன்றை எடுத்துக் கொடுத்தேன், புதுப் பையும், சறோ மாற்றப் போனாள். நான் போனை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன், படம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா, ஒரே ஒரு படம். கட்டிலில் கேதீஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தான். கழற்றிய பழைய பை தரையில் கழுவுகிற பேசினுக்குள். உறை இல்லாமல் அதைக் கிட்ட நின்று நான் அதிகம் பார்த்ததில்லை, உறைகளைத்தான் பார்த்திருக்கிறேன், பச்சை வெல்வெட்டை, மாங்காய்ப் பூவை. தேத்தண்ணிச் சாயம், அடியில் வெள்ளையாய்ச் சேறு, நூல் நூலாக ஏதோ மிதக்கிறது, பிளாஸ்ரிக் உள்ளே பாசி பிடித்தது போல் மஞ்சள் ஏறிக் கிடக்கிறது. மணம், மீன் அழுகின மணம், கண் எரிகிறது. இதை அனுப்பவேண்டும். இதுதான் படம். சைக்கிளைத் தரேல்லை ஐயா. அடிப்படைத் தேவைகள் நிறைவு செய்யப்பட்டுள்ள இடத்தின் படம், றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே பாருங்கோ. குனிந்து போனை நீட்டுகிறேன், திரையில் விழுகிறது, கட்டிலும், அவனுடைய மெலிந்து வெளுத்த காலின் ஒரு துண்டும். “அக்கா.” திரும்பாமலே சொல்கிறான், பல்லுக் கிடுகிடுக்கிறது. “உறையைப் போட்டு எடுங்கோ.” இது அவையளுக்குத் தெரியவேணும் கேதீஸ். “அவையளுக்குத் தெரியவேணுமெண்டால் உங்கட மூத்திரத்தை எடுத்து அனுப்புங்கோ.” சறோ புதுக் குழாயைப் பிடித்தபடி என்னைப் பார்க்காமல் நிற்கிறாள். “நான் இவ்வளவு நாளும் உதுக்கோ தைச்சனான்?” ஃபான் சுற்றுகிறது, அமரர் இன்னார் நினைவாக. நான் போனைத் தாழ்த்தினேன். என் அருவருப்பை அவனுடைய மூத்திரத்தால் எழுதப் பார்த்திருக்கிறேன். பேசினை எடுத்துக்கொண்டு போய் நானே ஊற்றினேன், நானே கழுவினேன், அவ்வளவு நேரமும் மூச்சை அடக்கிக்கொண்டு.

மேசையில் மயில்கழுத்து உறை. திரையில் ‘நாங்கள்’ மட்டும். நேரம் ஒடுங்கிக்கொண்டு வருகிறது, வெளியே தேத்தண்ணிப் பாத்திரச் சத்தம். உறையை எடுத்து வாயைப் பிரித்துப் பார்க்கிறேன், உள்ளே அவன் தடித்த நூலால் இரட்டைத் தையல் போட்டிருக்கிறான், வெளியே தெரியாத இடத்தில், பாரம் தாங்க. புதுப் பையில வச்சுத்தான் வெட்டவேணும், சொல்லிப்போட்டன். கை விசைப்பலகையில் இருக்கிறது. எங்கள் கைவினைஞர்கள் என்று எழுதுகிறேன், ஆங்கிலம் எண்ணெய் போட்டது போல் வழிந்து வருகிறது, என் வாழ்நாளில் எழுதியதில் ஆக வழவழப்பான கடிதம், கைவினைஞர்கள் ஒவ்வொரு உறையையும் உண்மையான பயன்பாட்டில் சோதித்த பின்னரே சந்தைக்கு விடுவர். தரத்தை உறுதி செய்ய, ஒவ்வொரு கைவினைஞருக்கும், ஒவ்வொரு அளவிலும், தொடர்ச்சியாகப் புதிய பைகள் மூலப்பொருளாகத் தேவைப்படும். பாவித்த பை உருமாறிவிடுவதால் ஒருமுறைக்கு மேல் சோதனைக்கு உதவாது. பையை உரிய நிலையில் பொருத்திப் பார்க்க அதற்கேற்ற கதீற்றர்களும். வெல்வெட்டுக்கும் நூலுக்கும் நடுவில், ஊசிக்கும் தையல் மெசினுக்கும் அடுத்த வரியில், பதினான்கு கைவினைஞர்கள், வார்டில் கிடக்கிற பதினான்கு பேரும், அதில் ஆறு பேருக்குக் கை விரல் அசையாது, அதனாலென்ன, சோதிப்பார்கள், இரவும் பகலும் சோதிப்பார்கள். நிதி முடிந்த பிறகு எவ்வாறு தொடரும்? விற்பனை வருமானம் மூலப்பொருளுக்கே திரும்பும். மூத்திரம் என்ற சொல் ஒரு இடத்திலும் வரவில்லை, மாஸ்ரர் மகிழ்வார். கிளாராவுக்குப் புரியுமா, புரிந்தும் புரியாதது போல் கையெழுத்துப் போடுவாளா, அல்லது முதல் வாசிப்பிலேயே தூக்கிப் போடுவாளா, தெரியாது. பொய் ஒன்றும் இல்லை, ஒவ்வொரு வசனத்தையும் எந்த விசாரணை அறையிலும் வைத்து மொழிபெயர்க்கலாம். ஆனால் வாசிக்க வாசிக்க, நான் செய்த பண்டத்தை நானே தின்று பார்ப்பது போல, நாக்கில் பாயாசத்தின் எண்ணெய்ப் படை. இத்தனை அளவாகப் பொருந்துகிறதே என்பதுதான் தாங்க முடியவில்லை. உறையைக் கதிரைச் சட்டத்தில் தொங்கவிட்டு, பின்னால் வெள்ளைச் சுவர், ஒரு படம். அழகாகத்தான் இருக்கிறது. அனுப்பினேன். உடனே ஒரு பதில், இயந்திரம் போடுகிற பதில், உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இலையான் தேத்தண்ணிக்குள் விழுந்துவிட்டிருந்தது.

தண்டவாளத்தில் சறோ தட்டுகிறாள். எழும்பிப் போகிறேன், வேலைக்காரப் பெண் ஒருத்தி இன்றைக்கு நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டாள், நான் பிடிக்கவேண்டும். கேதீஸின் உடம்பு கொதிக்கிறது, குளிசைக்குக் கொஞ்சம் வேர்த்திருக்கிறது, டொக்டர் வந்துகொண்டிருக்கிறாராம். சறோ தோளில், நான் இடுப்பில், ஒண்டு, ரெண்டு, மற்றப் பக்கம். தோலில் சிவப்பு இல்லை, அழுத்திப் பார்க்கிறேன், மணந்தும் பார்க்கிறேன், முகத்தைத் திருப்பாமல். பையை இந்தப் பக்கக் கட்டில் கம்பிக்கு மாற்றவேண்டும். புதுப் பை, கண்ணாடி போல, அதற்குள் வந்திருப்பது இன்னும் கலங்கலாகத்தான் இருக்கிறது. “அனுப்பியாச்சோ?” என்று கேட்கிறான், கண்ணைத் திறக்காமல். அனுப்பியாச்சு. “என்னெண்டு எழுதினியள்?” உன்ரை உறையைப் பற்றித்தான், வேற என்ன. “அப்ப பை?” நான் மயில்கழுத்து உறையைக் கையில் கொண்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிகிறது. உள்ளுக்க இருக்கு, என்றேன். கேதீஸ் கையை நீட்டி உறையை வாங்கி, வாயை விரித்துப் பையை இறக்கி, நாடாவை இழுத்து முடிந்தான், இரண்டு தரம். “அங்கதான் இருக்கவேணும்” என்றான்.